வள்ளிப்பிள்ளை படலையில் நின்ற ஐயம்பிள்ளைச் சட்டம்பியார்

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எங்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நெடுந்தீவு வள்ளக்காரர் ஒருவர் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். கடலில் வாயாடுவதில் அவரை வெல்ல ஆளில்லை. அன்று பேச்சைத் தொடங்கவே சுணங்கினார்.

“ரீச்சர், ஐயம்பிள்ளைச் சட்டம்பியார் மோசம் போயிட்டார்.”

“ஆர் உமக்குச் சொன்னது?” என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரிக் கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பார்த்திட்டுத்தான் வாறன். விடிய மாட்டை அவிட்டு விட்டிட்டுக் கதிரையிலை இருந்தவராம். அவற்றை மனுசி தேத்தண்ணியோடை வரேக்கை ஆளுக்கு உயிர் இல்லை. நாளைக்குக் காலமைதான் எடுக்கினம். வாறதெண்டால் இப்பவே வெளிக்கிடுங்கோ ரீச்சர், காத்து ஏறப் போகுது.”

உடுத்த சேலையோடு வெளிக்கிட்டேன். சோளகக் காற்று வீசும் காலத்தில் நெடுந்தீவுக் கடல் எப்படியிருக்கும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கடல் என்றால் பயம். புங்குடுதீவிலே பிறந்து வளர்ந்தவள் இப்படிப் பயப்படலாமா என்று சட்டம்பியார் என்னைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. “பிள்ளை, நீர் தீவிலை பிறந்தனீரோ, இல்லை வன்னியிலை இருந்து ஆரும் கொண்டந்து விட்டவையோ?” என்பார். அன்று வள்ளம் எழும்பி எழும்பி விழுந்தது. எனக்குப் பயம் வரவில்லை. என் நினைவு வேறொன்றில் இருந்தது.

போன விசயதசமி கழிந்து சில நாட்களில் இதே வள்ளக்காரரிடம் அவர் எனக்கு ஒரு சொல் சொல்லி விட்டிருந்தார். “படலை திறக்கப் போகுது. ஒருக்கால் வந்து போம் பிள்ளை. எனக்குப் பிறகு உதுக்கு ஓர் ஆள் வேணும்.” கடல் அடங்கட்டும், வருகிறேன் என்று பதில் சொல்லி விட்டேன். கடல் அடங்கியது, பிறகு எழும்பியது, பிறகும் அடங்கியது. நான் போகவில்லை. இப்போது செத்த வீட்டுக்குப் போகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது வேறு என்ன?

அவர் சொன்ன படலை எந்த வீட்டு வாசற் கதவு, அது ஏன் மூடியிருந்தது, இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

அவரைக் காணாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐயம்பிள்ளைச் சட்டம்பியார் நெடுந்தீவில் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையின் தலைமை ஆசிரியர். மெலிந்த, உயர்ந்த ஆள். நாலு முழ வேட்டி, தோளிலே சால்வை, கையிலே ஓட்டை விழுந்த ஒரு கறுப்புக் குடை. மழைக்கு அந்தக் குடை உதவாது. “மழைக்கு ஆர் பிடிக்கிறது? இது வெய்யில் குடை” என்பார். மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. கோபமும் உண்டு. பள்ளி வளவுக்குள் வந்து பூவரசங் குழையைத் தின்னும் ஆடுகளோடு நியாயம் கதைப்பார். தோற்றுப்போய்த் திரும்பி வந்து எங்கள்மேல் எரிந்து விழுவார். நல்லவர், சாந்தமானவர் என்று மட்டும் எழுதினால், பொய் எழுதியதற்காக அவரே எழும்பி வந்து என் காதைத் திருகுவார்.

கொன்னை தட்டுகிற பிள்ளை, திக்குகிற பிள்ளை, அண்ணம் பிளந்து மூக்கால் கதைக்கிற பிள்ளை, வயது போயும் பேச்சு வராத பிள்ளை ஆகியோருக்கு அரிவரி சொல்லிக் கொடுக்க வழி தேடுவதிலேயே அவர் தம்முடைய பின்வயதைக் கழித்தார். தீவுகளில் அவருக்கு முன் வேறு யாரும் அதைச் செய்ததாக நான் அறியவில்லை. அந்த வேலைக்கு என்ன பெயர் என்றும் எனக்குத் தெரியாது. நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன். “பிழை திருத்தம்” என்றார்.

பயிற்சி முடித்த புதிதில் நான் அவரிடம் உதவி ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். வேறு தலைமை ஆசிரியர்கள் புதிதாக வருபவருக்குக் கிணற்றைக் காட்டுவார்கள், அலுமாரியைக் காட்டுவார்கள். இவர் என்னைப் பூவரச மர நிழலில் கதிரை போட்டு இருத்தித் தாம் செய்த பிழையைச் சொன்னார். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதுதான் முதற் பாடமாம்.

ஏடு தொடக்குவது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விசயதசமியன்று பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைச் சட்டம்பியார் பிடித்து எழுத வைப்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கொரு முறை இருந்தது. பிள்ளை முதலில் எழுத்தை வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விரல் அரிசியில் படும். வாய் திறக்காத பிள்ளைக்கு விரல் பிடிப்பதில்லை. பிடித்தால் படிப்பு ஒட்டாது என்று நம்பினார்கள். ஐயம்பிள்ளைச் சட்டம்பியாரும் நம்பினார்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நான் இஞ்சை வந்த புதிசு, பிள்ளை. மாடு வளக்கிற ஒருத்தற்றை பெட்டை வள்ளிப்பிள்ளை. அண்ணம் பிளந்து பிறந்தவள். தேப்பன் ஓலைப்பெட்டியிலை பச்சையரிசியோடை கூட்டிக்கொண்டு வந்தவன். ‘அ’ சொல்லு மோனை எண்டனான். அவள் சொன்னவள். எனக்கு விளங்கேல்லை. திரும்பச் சொல்லு எண்டன். மற்றப் பிள்ளையள் சிரிச்சுதுகள். ‘வாய் தெளியட்டும், வாற வருஷம் நல்ல நாள் பார்த்துக் கொண்டு வா’ எண்டு அனுப்பிப்போட்டன். வாற வருஷமும் வந்தவள். அதே கதை. அதுக்கடுத்த வருஷமும் வந்தவள். பிறகு வரேல்லை.”

“அந்த அரிசியைத் தேப்பன் என்ன செய்தவர்?” என்று ஒரு விசர்க் கேள்வி கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. அவையள் அதை அவிச்சுத் தின்னேல்லை, பிள்ளை. மாட்டுக்கு வைச்சவையாம்.”

இதெல்லாம் நான் அங்கே போவதற்குப் பல வருஷங்களுக்கு முன் நடந்தது. வள்ளிப்பிள்ளை தகப்பனின் மாடுகளோடு மேய்ச்சல் வெட்டையிலேயே வளர்ந்தாள். ஒருநாள் சட்டம்பியாரின் பசுவைக் காணவில்லை. நெடுந்தீவில் மாடுகள் கால் போன போக்கில் மேயும். எது யாருடையது என்பதை அறிவது தொடையில் சுட்ட குறியை வைத்து. உடையவரின் பெயரில் ஓர் எழுத்தைச் சுட்டிருப்பார்கள். சட்டம்பியாரின் மாட்டுக்கு ‘ஐ’. அவர் குடையோடு வெட்டையில் அலைந்து வருவதை வள்ளிப்பிள்ளை தூரத்தில் கண்டாள். அவரோடு கதைக்க அவளுக்கு விருப்பமில்லை. யாரோடும் கதைப்பதில் விருப்பமில்லை. கையிலிருந்த தடியால் மண்ணில் ‘ஐ’ என்று கீறினாள். அதிலிருந்து மேற்குப் பக்கமாக ஒரு கோடு இழுத்தாள். இழுத்துவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டாள்.

மாடு மேற்கே நின்றது. சட்டம்பியார் அதைப் பிடிக்கப் போகவில்லை. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் குந்திவிட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்றே அழைப்பேன்.

“அவள் எனக்குக் கடிதம் எழுதினவள், பிள்ளை” என்றார் சட்டம்பியார். “உன்ரை மாடு அங்கை நிக்குது எண்டு எழுதிக் காட்டினவள். நான் வாயைத் தெளிய வைக்கப் பார்த்துக்கொண்டு இருந்தன். வாய் ஒரு படலை மட்டும்தான். வளவுக்குள்ளை வர வேலியிலை நுழையிற பொட்டும் இருக்கும். அது எனக்கு விளங்க இவ்வளவு காலம்.”

அவருடைய தேடல் அங்கேதான் தொடங்கியது. கொல்லரிடம் போய் அரிவரி முழுவதற்கும் குறிக்கம்பி அடிப்பித்தார். ஊர் சிரித்தது. சட்டம்பியார் பிள்ளைகளுக்குக் குறி சுடப் போகிறார் என்று சொல்லி இரண்டு தாய்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் விட்டார்கள். அவர் சுட்டது பனை மட்டைத் துண்டுகளில். எழுத்துப் பள்ளமாக விழும், விரலால் தடவிப் பார்க்கலாம்.

முதல் வருஷம் படுதோல்வி. அவரே ஒப்புக்கொண்டார். ‘அ’, ‘ஆ’ என்று ஒற்றை ஒற்றை எழுத்தாகக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் துண்டுகளைக் கிணற்றில் போட்டு மிதக்க விட்டார்கள். அவர் கோபித்து, மூக்குப்பொடி போட்டு, தும்மி, பிறகு யோசித்தார். வள்ளிப்பிள்ளை ‘ஐ’ என்ற எழுத்தையா படித்தாள்? இல்லை, சட்டம்பியாரின் பசுவைப் படித்தாள். ஆகவே எழுத்தை விட்டார், பெயரைப் பிடித்தார். அந்தந்தப் பிள்ளையின் வீட்டு மாட்டின் பெயர், வள்ளத்தின் பெயர், நாயின் பெயர் ஆகியவற்றைத் துண்டுகளால் அடுக்கி முழுதாகக் காட்டினார். பிள்ளைக்கு அது பிடிபட்ட பிறகு ஒவ்வொரு துண்டாகப் பிரித்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு வழி, இன்னொரு பிள்ளைக்கு வேறு வழி என்று செய்து பார்த்தார். பள்ளிக்கூட விடுதலை நாட்கள் கழிந்து திரும்பி வரும்போது எந்தப் பிள்ளைக்கு எது மனத்தில் நிற்கிறது என்று கவனித்தார். நின்றதை வைத்துக்கொண்டார், நில்லாததை எறிந்தார். அதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை.

அவருடைய வகுப்பில் ஒரேயொரு கட்டளை. பிள்ளையை வாயால் சொல்லச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது. “கேள்வியை நான் வாயாலை கேக்கிறன். பதிலை அவன் கையாலை தரட்டும்” என்பார். ‘கல்லை எடு’ என்று அடுக்கி வைப்பார். பிள்ளை ஓடிப்போய்க் கல்லை எடுத்துக்கொண்டு வந்தால் வாசித்தாயிற்று.

நான் அதை நம்பவில்லை. கிழவருக்கு வெய்யில் தலையில் ஏறிவிட்டது என்று வீட்டுக்குக் கடிதங்கூட எழுதினேன். என்னை மாற்றியவன் செல்லத்துரை. கடுமையாகத் திக்குகிற பிள்ளை. ஒரு சொல்லுக்குள் நுழைந்தால் கழுத்து நரம்பு புடைத்துப் போய்விடும். ஒருநாள் இடைவேளைக்குப் பிறகு வகுப்புக்குள் போனேன். நிலத்தில் துண்டுகள் வரிசையாக இருந்தன. ‘சட்டம்பியார் குடை ஓட்டை.’ யாரும் அவனை அடுக்கச் சொல்லவில்லை. அவனாகவே அடுக்கிவிட்டு மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

இவனுக்கு இன்றைக்கு நல்ல பூசை என்று நினைத்தேன். சட்டம்பியார் குனிந்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார், தெருவால் போனவர்களைக் கூப்பிட்டார். “பார்த்தியளோ, என்னை நக்கலடிச்சிருக்கிறான்! என்னெண்டு அடுக்கியிருக்கிறான் பாருங்கோ!” என்று குடையை விரித்து ஓட்டையைக் காட்டிக் கூத்தாடினார். அந்தத் துண்டுகளை இரண்டு நாள் கூட்ட விடவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றிக் கடந்து போனோம். செல்லத்துரை பிற்காலத்தில் அதே துண்டுகளில் விரலை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வாய்விட்டும் வாசித்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குத் திறந்தது, சிலருக்குத் திறக்கவில்லை. திறக்காதவர்களும் வாசித்தார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டுப் பரீட்சை வைக்க வந்த வித்தியாதரிசி ஒருவர் இதை ஏற்கவில்லை. “வாசிக்கச் சொல்லும்” என்றார். சட்டம்பியார் ‘தண்ணீர் கொண்டு வா’ என்று அடுக்கி வைத்தார். செல்லத்துரை அதைப் பார்த்து ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். “வாசிக்கச் சொல்லும்” என்று அவர் திரும்பவும் சொன்னார். சட்டம்பியார், “வாசிச்சிட்டான் ஐயா. நீங்கள் தண்ணியைக் குடியுங்கோ” என்றார். பிள்ளை தவறியதாகவே எழுதப்பட்டது. பள்ளி மனேச்சர் அவரைக் கூப்பிட்டு ஏசினார். சட்டம்பியார் ஏச்சைக் கேட்டுவிட்டு வந்து ஆட்டைக் கலைத்தார்.

இனிப் படலைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு விசயதசமிக்கும் பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அவர் ஓலைப்பெட்டியில் பச்சையரிசி எடுத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, வள்ளிப்பிள்ளை வீட்டுக்கு நடப்பார். கல் அடுக்கிய மதில், நடுவிலே ஒரு படலை. முதலில் அவளுக்கே எழுத்துத் தொடக்கக் கேட்டுப் போனார். அவள் அவரைக் கண்டதும் வீட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அவர் வெய்யிலில் நின்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நெடுந்தீவில் படலைக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டால் அது பகை. அவர் அடுத்த வருஷமும் போனார். காலம் போக அவள் கலியாணம் முடித்தாள். பெண் பிள்ளை பிறந்தது. கண்மணி. தாயைப் போலவே அண்ணம் பிளந்த பிள்ளை. அதற்குப் பிறகு அவர் கண்மணிக்காகப் போனார்.

ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். வள்ளிப்பிள்ளை படலைக்கு வந்து ஆளுக்கொரு செம்பு தண்ணீர் தந்தாள். அந்த அளவுக்கு வந்திருந்தது. “பிள்ளையை விடு மோனை. வாய் திறக்கச் சொல்ல மாட்டன்” என்றார் அவர். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். “சரி மோனை. வாற வருஷம் வாறன்” என்று சொல்லிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்கு வேறை வேலையில்லையோ? மாட்டன் எண்டால் விடுங்கோவன். எத்தினை வருஷமாய் நடக்கிறியள்!” என்றேன்.

“நடந்தனான்தான். ஆனால் ஒரு பச்சைப் பிள்ளை அரிசிப் பெட்டியோடை திரும்பிப் போச்சுது பாரும், அந்த நடையை நான் இன்னும் நடந்து முடிக்கேல்லை” என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, “முதல் வருஷம் எனக்குத் தண்ணியும் கிடைக்கேல்லை. இப்ப உமக்கும் சேர்த்துக் கிடைச்சிருக்கு” என்று சிரித்தார்.

நான் இறுப்பிட்டிக்கு மாற்றம் கேட்டு வந்தது அதற்கு அடுத்த வருஷம். அம்மாவுக்குச் சுகமில்லை என்று எழுதினேன். அம்மாவுக்கு இருமல்தான். உண்மை கடல். இன்னும் உண்மை, அந்தத் துண்டுகளும் அந்தப் பிள்ளைகளும் என் தலையில் விழுந்துவிடும் என்ற பயம். சட்டம்பியாருக்கு எல்லாம் விளங்கியது. “போய்ச் சுகமாய் இரும்” என்று மட்டும் சொன்னார். போன விசயதசமிக்குப் பிறகு சொல்லி விட்டது, வள்ளிப்பிள்ளை மோர் கொடுத்தாள், கண்மணியைக் குடையைப் பிடித்துப் பார்க்க விட்டாள், படலை திறக்கப் போகிறது என்றுதான். நான் போகாததை மேலே சொன்னேன்.

செத்த வீட்டுக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வளவு கொள்ளாத சனம். பறை அடித்தது. பழைய பிள்ளைகள் வந்திருந்தார்கள். செல்லத்துரை பாடைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றான். நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். உறவினர் வாய்க்கரிசி போடத் தொடங்கியபோது படலையடியில் சனம் விலகியது. வள்ளிப்பிள்ளை வந்தாள். ஒரு கையில் ஓலைப்பெட்டி, மற்றக் கையில் கண்மணி. அவள் யாருடைய செத்த வீட்டுக்கும் போகிறவள் அல்ல. அவளும் வாய்க்கரிசி போட வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

அவள் சட்டம்பியாரின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள். பெட்டியை எனக்கு முன்னால் வைத்தாள். நிறையப் பச்சையரிசி. கண்மணியின் வலக்கையைப் பிடித்து என்னிடம் நீட்டினாள். நான் விளங்காதவள் மாதிரிப் பார்த்தேன். அவள் வாய் திறந்தாள்.

“தொடக்குங்கோ.”

மூக்கால் வந்த சொல்தான். அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. “சிவசிவா, செத்த வீட்டிலை ஏடு தொடக்கிறதோ?” என்று ஒரு பெண்குரல் கேட்டது. பாடை தூக்க ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லாக் கண்களும் என்மேல். நான் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னேன்.

“இப்ப ஏலாது வள்ளிப்பிள்ளை. செத்த வீடெல்லே? நல்ல நாள் பார்த்துக் கொண்டு வாரும்.”

அவள் பிள்ளையின் கையை இறக்கினாள். பெட்டியை எடுத்தாள். வந்த வழியே போனாள். கண்மணி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு போனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பாடை படலையைக் கடந்து, பறைச் சத்தம் தூரத்தில் போன பிறகுதான் நான் சொன்ன சொல் என் காதில் விழுந்தது. சட்டம்பியார் அந்தப் பச்சைப் பிள்ளைக்குச் சொன்ன அதே சொல். அதைத் திருத்தத்தான் அவர் இவ்வளவு காலம் நடந்தார். அவர் நடந்து முடித்து, அவளும் மனம் இளகி, தன் காலால் நடந்து வந்து பிள்ளையின் விரலை நீட்டினாள். நான் அவரை முற்றத்தில் கிடத்தி வைத்துக்கொண்டே அதைச் சொல்லி அனுப்பினேன்.

அக்கா என்னை ஏசவில்லை. “மனுசனுக்குக் கேட்டிருந்தால் பாடையிலை இருந்து எழும்பி விரல் பிடிச்சிருக்கும்” என்றார், அவ்வளவுதான். ஏசியிருக்கலாம்.

அன்று பின்னேரமே ஓட நினைத்தேன். செத்த வீட்டிலிருந்து நேரே இன்னொருவர் வீட்டுப் படலைக்குப் போகக் கூடாது என்று பெண்கள் மறித்தார்கள். திரும்பவும் முறைக்குப் பணிந்தேன். என்ன சென்மம் நான்! எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவு முடியும் வரை அக்காவோடு இருந்துவிட்டு, மட்டைத் துண்டுகளையும் பச்சையரிசியையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். “இண்டைக்கு அட்டமி” என்றார் அக்கா. நான் நின்றேன். “நிக்காதையும், போம்” என்றார்.

நல்ல வெய்யில். வள்ளிப்பிள்ளையின் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். நாய் குரைத்தது. அவள் வந்தாள், அவளுக்குப் பின்னால் கண்மணி.

“வள்ளிப்பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது பிழை. இண்டைக்கே தொடக்குவம். பிள்ளை வாய் திறக்க வேண்டாம். ஒண்டும் சொல்ல வேண்டாம்.”

கண்மணி எட்டித் துண்டுகளைப் பார்த்தது. மேலே கிடந்தது ‘ஐ’. அது தெரியும் என்று அதன் முகத்தில் எழுதியிருந்தது. வள்ளிப்பிள்ளையும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நல்ல நாள் பார்த்து வாங்கோ, ரீச்சர்.”

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நின்றேன். தண்ணீர் வரவில்லை.

சட்டம்பியார், உங்களுக்கும் முதல் வருஷம் வரவில்லை. அதைத்தான் அந்த வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் உங்களைப் போல வருஷத்துக்கு ஒரு நாள் நடந்தால் எனக்குப் போதாது. எனக்கு வருஷங்கள் இருக்கலாம். கண்மணி வளர்ந்துகொண்டிருக்கிறது, அதற்கு இல்லை. நெடுந்தீவுக்கே மாற்றம் கேட்டு எழுதிவிட்டேன். கடல் பயம் இன்னும் போகவில்லை. இனிக் கடக்கத் தேவையில்லாத இடத்தில் இருக்கப் போகிறேன்.

போயிட்டு வாருங்கோ, ஐயா. உங்கள் குடையை அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கும் அந்தப் படலையில் வெய்யிலாய்த்தான் இருக்கும்.